இரவல் போன பெயர்

தில்லையம்பலம் மாஸ்ரர் வடதுருவத்துக்குப் படிப்பிக்கப் போகிறார் என்ற கதை எங்கள் பில்டிங்கில் பரவியபோது, மனிதருக்குக் கொஞ்சம் தட்டிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில், ஹீற்றருக்குப் பக்கத்தில், இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு நடுங்குகிற ஆள் அவர். பாத்றூமுக்குப் போவதென்றாலும் மப்ளர் கட்டிக்கொண்டுதான் போவார்.

"மாஸ்ரர், அங்கை பனிக்கரடி திரியுமாம்" என்று நான் பகிடிக்குச் சொன்னேன்.

"ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுறதிலும் பார்க்கக் கரடிக்குக் கணக்குப் படிப்பிக்கலாம், தம்பி" என்றார் அவர். அவருக்குப் பகிடி வராது. உண்மையாகவே சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம், பிறகு நைஜீரியாவில் மூன்று வருடம் கணக்குப் படிப்பித்தவர். ரொறன்ரோவில் அவரை ஒரு பள்ளிக்கூடமும் வாசலுக்குள் எடுக்கவில்லை. குளிருக்கும் இருட்டுக்கும் பயந்து வேறு யாரும் போகாத ஊரொன்று, சேர்ட்டிபிக்கற்றைப் பெரிதாகத் துருவிப் பார்க்காமல் அவரைக் கூப்பிட்டது. எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி கடைசியில் மூன்று பிளேன் மாறிப் போனார். அந்த ஊரின் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'மேலே' என்றுதான் சொல்லுவோம்.

வீட்டில் மிஞ்சியது அவருடைய மனைவி தவமணி அக்காவும், அறையொன்றில் வாடகைக்கு இருந்த நானும். நான் குருநகர் ஆள், வேதக்காரன், பெயர் சூசைதாசன். பிளாஸ்ரிக் வாளி செய்கிற ஃபக்ரறியில் பகல் வேலை. தவமணி அக்கா டவுன்ரவுணில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர். வேலையால் வந்ததும் கையில் பிளீச் தண்ணி மணக்க மணக்க மாவைக் குழைத்துப் புட்டுக் கொத்துவார். சனிக்கிழமைகளில் மிளகாய் வறுத்து, தீ அலாரம் அடித்து, மாடியில் உள்ள சனம் முழுக்கத் திட்டும். அக்கா அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை.

அந்த வீட்டில் இன்னொருவனும் இருந்தான். இல்லாமல் இருந்தான் என்று சொல்லவேண்டும். அவர்களின் ஒரே மகன் குகதாசன். சோதனை எடுத்துவிட்டு வரட்டும் என்று பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். எண்பத்தைந்தில் ஒரு காலை ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன், போனவன்தான். ஆமி ட்றக்கில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இயக்கப் பெடியங்களோடு சேர்ந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். தவமணி அக்கா வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவனுடைய படம் சாமித்தட்டில் இல்லை, ரீவிக்கு மேலே இருந்தது. மாலையில்லை, பொட்டில்லை. செத்தவருக்குச் செய்கிற காடாத்து, எட்டு, அந்தியேட்டி ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்ரர் ஒருமுறை அதைப்பற்றி வாயெடுத்தபோது அகப்பைக்காம்பு பறந்தது. என் அறை அலுமாரியில் அவனுக்கென்று வாங்கிய குளிர்ச் சட்டை ஒன்று தொங்கியது. அடுத்த மலிவு விற்பனையில் அதைவிட ஒரு அளவு பெரிதாக இன்னொன்று வாங்கிவந்து பக்கத்தில் தொங்கவிட்டார். "வளர்ந்திருப்பான்" என்றார். அந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும்.

மேலேயிருந்து கடிதம் வராது, கசற் வரும். மாஸ்ரர் பேசிப் பதிந்து அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட்டு, கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு அக்கா கசற்றைப் போடுவார். நானும் நிலத்தில் குந்துவேன்.

"தவம், சுகமாயிருக்கிறன். சூசையும் கேக்கிறீரோ? இஞ்சை வீடெல்லாம் கால்முளைச்ச மாதிரிக் கட்டையிலை நிக்குது. நிலத்திலை வைச்சால் வீட்டுச் சூட்டுக்கு ஐஸ் இளகி வீடு நிலத்துக்குள்ளை தாண்டுபோமாம். தண்ணி லொறியிலை வருது. பள்ளிக்கூடம் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஆனால் புயலடிச்சால் அந்தத் தூரத்துக்குள்ளையும் ஆள் துலைஞ்சுபோகுமாம். லைற் போஸ்ற்றை எண்ணி எண்ணிப் போறன்."

பிள்ளைகளைப் பற்றி ஒரு கசற் முழுக்கச் சொன்னார். முதல் கிழமை வகுப்பு முழுக்க ஊமை என்று நினைத்தாராம். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகுதான் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு நின்ற றோஸ்மேரி என்ற பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். புருவத்தை உயர்த்தினால் ஓம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. "இப்ப நானும் புருவத்தாலைதான் கதைக்கிறன்" என்றார். அக்கா அன்று சிரித்தார்.

கார்த்திகை கடைசியில் வந்த கசற்றில் குரல் இறங்கியிருந்தது.

"இண்டைக்குச் சூரியன் போட்டுது, தவம். பிள்ளையள் எல்லாரும் முத்தத்திலை நிண்டு பார்த்தினம். ஒரு சின்ன விளிம்பு வந்துது, போட்டுது. இனித் தை மாசந்தானாம். நான் பருப்பு அவிச்சுச் சோத்தோடை திண்டிட்டு இருக்கிறன். காத்துக் கேக்குதே?"

காற்றுக் கேட்டது. பிறகு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தட்டாமல் திறந்த கதவு. பாரமான சப்பாத்து நடந்து வந்தது. கதிரை முனகியது. மாஸ்ரர் ஒன்றும் சொல்லவில்லை, வந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது. கனநேரத்துக்குப் பிறகு கதிரை திரும்ப முனகியது, கதவு சாத்தியது. "சரி, பிறகு என்னெண்டால்..." என்று மாஸ்ரர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அக்கா கசற்றைத் திருப்பிப் போட்டார். இன்னொருமுறை போட்டார்.

"ஆர் தம்பி வந்தது?"

"தெரியேல்லை அக்கா."

"வந்த ஆளோடை ஒரு சொல்லுக் கதைக்காமல் இருக்கிறாரே. என்ன மனிசர் உது?"

என் கை மயிர் குத்திட்டு நின்றது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு ஃபோன் வந்தது. மேலேயிருந்து வருகிற ஃபோன் ஆகாயத்தில் சுற்றுகிற செய்மதி வழியாக வருவது. நாங்கள் சொல்வது போய்ச்சேர நேரமெடுக்கும், அதற்குள் எங்கள் குரலே மெல்லிதாகத் திரும்பி வந்து காதில் விழும். "நீரும் மற்றதை எடும் தம்பி, எனக்கு இவரின்ரை கதை பாதி விளங்குதில்லை" என்றார் அக்கா. நான் அறைக்குள் இருந்த ரிசீவரை எடுத்தேன்.

"தவம், றோஸ்மேரிக்குப் பிள்ளை பிறந்திட்டுது. நாளுக்கு முந்திப் பிறந்திட்டுது. அவளை ஆஸ்பத்திரிக்கு ஏத்த வேண்டிய பிளேன் புயலிலை வரேல்லை. ஆம்பிளைப் பிள்ளை."

"நல்லது. அதுக்கே ஃபோன் எடுத்தனீங்கள்?"

*எடுத்தனீங்கள்* என்று அக்காவின் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. பிறகு மாஸ்ரர் பேசினார்.

"அவளுக்குப் பிள்ளை பிறக்க முந்தி ஒரு கனவு, தவம். நெடுகலும் அதே கனவாம். ஒரு கறுத்தப் பெடியன், மெலிஞ்சவன், பனிக்குள்ளை வெறுங்காலோடை வந்து வாசல்லை நிண்டு தண்ணி கேக்கிறானாம். அதுதான் பேசாமல் வந்து என்ரை வீட்டிலை இருந்து இருந்து பார்த்திட்டுப் போனவள். கடைசியிலை ஒருநாள் கேட்டாள், உனக்கு இப்பிடி ஒரு பெடியன் இருக்கிறானோ எண்டு. நான் ஓம் எண்டன். வலக்கையிலை செம்மஞ்சள் நூல் கட்டியிருக்கிறானோ எண்டு கேட்டாள். அது எனக்குத் தெரியாது எண்டு சொன்னன்."

அக்கா பக்கத்தில் மூச்சு நின்றுவிட்டது. மாஸ்ரர் முதலில் வெளிக்கிட்டு வந்தவர், அக்கா பிறகு வந்தவர். வெளிக்கிட்ட அன்று நல்லூரில் நூல் வாங்கி மகனின் கையில் கட்டியவர் அக்கா. அதை மாஸ்ரருக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒருநாள் சொன்னார்.

"பிறகு?" என்றார் அக்கா.

"அவன்ரை பெயரை என்ரை பிள்ளைக்கு வைக்கட்டோ எண்டு கேட்டாள். எங்களிலையும் உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பெயரைப் பேரன்மாருக்கு, மருமக்களுக்கு வைக்கிறதுதானே? ஆசையிலை கேக்கிறாள், வைக்கட்டும் எண்டு விட்டிட்டன். பிள்ளை பிறந்த அடுத்தநாள் சனம் வரத் தொடங்கிச்சுது. கதவு தட்டாமல் வந்து சுவரோடை சுவரா நிலத்திலை இருக்குதுகள். ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒரு மனிசி றொட்டி சுட்டுக் கொண்டந்து வைச்சாள். ஒருத்தன் இறைச்சி. வெளியிலை மத்தியானம், ஆனால் கும்மிருட்டு. எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கிச்சுது. இஞ்சை செத்தவையின்ரை பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறது, பெயரோடை அந்த ஆளும் பிள்ளைக்குள்ளை வந்திடுமாம். நான் இருந்தது செத்தவீட்டிலை, தவம். எங்கடை பிள்ளையின்ரை செத்தவீடு."

"எழும்பிச் சொல்லேல்லையே நீங்கள்? அவன் சாகேல்லை எண்டு?"

*சாகேல்லை எண்டு* என்றது திரும்பி வந்த குரல். அதற்குப் பிறகும் அவருடைய பதில் வருவதற்கு நேரமெடுத்தது.

"இல்லை" என்றார்.

"ஏன்?"

"நான் அழுதிட்டன்."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டார். நான் என்னுடையதைப் பிடித்தபடி நின்றேன். மாஸ்ரர் அங்கே வைக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு நானும் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாஸ்ரரின் கசற்றுகள் உறை பிரிக்காமல் குளிர்ப்பெட்டிக்கு மேலே கிடந்தன. ஃபோன் வந்தால் அக்கா எடுக்கமாட்டார். எடுத்து நான் பேசுவேன். "பிள்ளை உங்கை என்னெண்டு இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "கூட்டுறவுக் கடையிலை சனம் என்னைக் கண்டால், உன்ரை மகன் ராத்திரி நல்லாய்ப் படுத்தவன் எண்டு சொல்லுது, தம்பி. நான் புருவத்தை உயர்த்திப்போட்டு வாறன்" என்றார்.

மாசி மாதம் ஒரு பின்னேரம், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அக்கா கைமறதியாக எடுத்துவிட்டார். ஒரு சொல் கேட்டதும் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

றோஸ்மேரி பேசினாள். ரொறன்ரோவில்தான் நிற்கிறாள். பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை. மொன்றியலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இங்கே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை நெஞ்சைத் திறக்கிறார்கள். பிள்ளை பால் குடிக்கவில்லை, ஓயாமல் அழுகிறது. அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"குகதாசனுடைய அம்மாவுக்கு அவனோடு கோபம். அதனால்தான் அவன் இங்கே தங்கமாட்டேன் என்கிறான். எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அவரை வரச் சொல்லு."

நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர் பில்டிங் பனிக்குள் அழிந்துபோயிருந்தது.

"வாறன் எண்டு சொல்லும்."

எனக்குச் சந்தோசம். ரிசீவரை வைத்த பிறகுதான் அக்கா மிச்சத்தைச் சொன்னார்.

"போய் என்ரை பிள்ளையின்ரை பெயரைத் திருப்பித் தரச்சொல்லிக் கேக்கப்போறன்."

"அக்கா, நெஞ்சிலை ஓட்டையோடை கிடக்கிற பச்சைப் பாலன். அதிட்டைப் போய்..." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கோ?"

"நீர் கதையாதையும்! என்ரை பிள்ளையிட்டை இப்ப என்ன கிடக்கு? சைக்கிளில்லை, புத்தகமில்லை, உடுப்பில்லை. அந்தப் பெயர் ஒண்டுதான் அவனிட்டைக் கிடக்கு. அதையும் ஒருத்தி எடுத்து வைச்சிருந்தால், நாளைக்குத் திரும்பி வந்து என்னெண்டு நான் இன்னார் எண்டு சொல்லுவான்?"

அன்றிரவு அக்கா அடுப்படியில் நின்று ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியது எனக்குக் கேட்டது.

விடியற்காலை தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் போனோம். பனிப்புகாரில் உயர்ந்த பில்டிங்குகளுக்குத் தலை இல்லை. ஸ்ரீற்காரில் எங்களைத் தவிர வேலைக்குப் போகிற இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உதடு அசைய இருந்தார். அந்த வசனத்தைத்தான் சொல்லிப்பார்க்கிறார் என்று தெரிந்தது.

றோஸ்மேரியை நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். சின்னப் பெண், இருபத்திரண்டு வயது மட்டிலிருக்கும். வட்ட முகம், நித்திரையில்லாத கண். அக்காவைக் கண்டதும் ஹலோ சொல்லவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள். பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் தன் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு போய் நின்றாள்.

அக்கா அதில் இருக்கவில்லை. பாடமாக்கியதைச் சொன்னார். "என் மகன் உயிரோடு இருக்கிறான். அவனுடைய பெயரைத் திருப்பித் தா." ஹோட்டல் அறைக் கதவைத் தட்டுகிற மாதிரி உரத்த, மரியாதையான குரல்.

றோஸ்மேரி கோபிக்கவில்லை. "நான் எடுக்கவில்லை. அவனாக வந்தான்" என்றாள். "அவனிடம்தான் கேட்கவேண்டும். நீங்களே கேளுங்கள்."

தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. சத்தம் நூலாய் வந்தது. உதடு நீலம். வலது மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர் கட்டிய பிளாஸ்ரிக் பட்டி, அதில் குகதாசன் என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு குனிந்தார்.

"குகன்" என்றார்.

அழுகை நின்றது. எங்கள் வீட்டில் நாங்கள் ஒன்பது பிள்ளைகள், நான் மூத்தவன். இரண்டு மாதப் பிள்ளை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தில் கண்ணை நிறுத்தி, இமைக்காமல், சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருக்கிற பெரிய ஆள் பார்ப்பதுபோலப் பார்த்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அக்கா பெயரைக் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் பேசத் தொடங்கினார்.

"எங்கையடா போனனீ? எத்தினை பேரிட்டைக் கேட்டனான் உன்னை. ஆமிக் காம்ப் காம்பாப் பெரியம்மா திரிஞ்சவ. ஒரு சொல்லு அனுப்பியிருக்கலாந்தானே? உவ்வளவு தூரம், உந்தக் குளிருக்குள்ளை, வெறுங்காலோடை ஏனடா போனனீ?" குரல் உடைந்தது. "நொந்ததோ அப்பன்? கனக்க நொந்ததோ?"

பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, நின்றேன்.

அப்போது இரண்டு பேர் வந்து தொட்டிலின் பிரேக்கைத் தட்டினார்கள். ஒப்பரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் ஒருவர் கூடவரலாம், தாய் யார் என்று நேர்ஸ் கேட்டாள். நான் றோஸ்மேரியைப் பார்த்தேன். அவள் அக்காவைக் காட்டினாள்.

"இவர் போகட்டும். நான் அவன் வந்ததைப் பார்த்தேன். இவர் அவன் போனதைப் பார்க்கவில்லை" என்றாள். "வாத்தியார் சொன்னார்."

நேர்ஸ் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் தாயா?" என்று அக்காவைக் கேட்டாள்.

அக்கா இரண்டு வருடமும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்திருந்தார் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. இங்கே ஓம் என்றால் அங்கே அவன் உயிரோடு இல்லை என்றாகிவிடும். அவர் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யெஸ்" என்றார். "மதர்."

தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா பக்கத்தில் நடந்தார். நானும் றோஸ்மேரியும் மூலை வரைக்கும் போய் நின்றோம். வாசலில் ஒரு கணம் நிறுத்தினார்கள். அக்கா குனிந்து பிள்ளையின் தலையில் கை வைத்தார்.

"குகன், நீ போ ராசா" என்றார். "அம்மா இனி உன்னை மறிக்கேல்லை. போ."

பிறகு கையை எடுத்து, அதே பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"சின்னவன், நீ போட்டு வா."

இரட்டைக் கதவு திறந்து சாத்தியது. அக்கா திரும்பி வந்து வாங்கில் இருந்தார். றோஸ்மேரி பக்கத்தில் வந்து இருந்தாள். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. மத்தியானம் கழிந்து, பச்சைத் தொப்பி போட்ட டொக்டர் வந்து, ஓட்டையைத் தைத்தாயிற்று, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொன்னார். றோஸ்மேரி முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்கா எழும்பினார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மாஸ்ரருக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துத் தாரும். என்ரை பிள்ளையின்ரை செத்தவீட்டிலை அந்த மனிசன் தனிய இருந்து அழுதிருக்கு."